மணிக்கு நாற்பது

மூன்றாம் கட்டிலின் பக்கவாட்டில் தொங்கிய சிறுநீர்ப் பை, பகல் பன்னிரண்டு மணிக்கு நர்ஸ் காலி செய்துவிட்டுப் போனபோது இருந்தது போலவே மூன்று மணிக்கும் சப்பையாக இருந்தது. மேலே சலைன் விடாமல் சொட்டிக்கொண்டிருந்தது, ஏசி உறுமியது, ஸ்பிரிட் வாடைக்கு அடியில் ஈரத்துணி வாடை ஒன்று கிடந்தது.

படுத்திருந்தவருக்கு வயிற்றைத் திறந்து பெரிய ஆபரேஷன் ஆகி இரண்டாம் நாள். மணிக்கு ஒருமுறை குனிந்து பார்த்து, பையில் எத்தனை மில்லி சேர்ந்திருக்கிறது என்று சார்ட்டில் எழுத வேண்டும். நர்ஸுக்குத் தலைக்கு மேல் வேலை. அவள் குனியவே இல்லை. முந்தைய கட்டத்தைப் பார்த்து நாற்பது, நாற்பது, நாற்பது என்று எழுதிவிட்டாள். இப்போது பை காலியாகக் கிடப்பதைக் கண்டு குழாயை நீவிப் பார்த்தாள். மடங்கவில்லை, அடைப்பும் இல்லை. பயம் வந்திருக்க வேண்டும். ஆனால் மனசு மரக்கட்டையாகத்தான் கிடந்தது.

"முகம் கொஞ்சம் தெளிஞ்சிருக்குல்ல சிஸ்டர்?" என்றாள் அவர் மனைவி. "நேத்து கன்னமெல்லாம் ஒட்டிப் போயிருந்துச்சு."

அது தெளிவு இல்லை. நீர் கோத்த வீக்கம். உள்ளே போனதெல்லாம் அங்கேயே தங்கிவிட்டது. சொல்ல வாயெடுப்பதற்குள் போன் அடித்தது. டாக்டர்.

"மூணாம் பெட்டுக்கு யூரின் எவ்வளவு போகுது?"

"நாற்பது, டாக்டர்."

"நல்லது. சலைன் அதே வேகத்துல போகட்டும். நான் ஆபரேஷன் தியேட்டருக்குள்ள போறேன்."

ஏன் அப்படிச் சொன்னோம் என்று அவளுக்கே புரியவில்லை. போர்வையை விலக்கி அவர் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தினாள். குழி விழுந்தது. நிரம்பவில்லை. அதற்கு மேலே, கெண்டைக்காலில், அவள் அழுத்தாத இன்னொரு குழி. பக்கத்தில் நான்கு. அவள் விரல்களைவிட நீளமானவை.

"காலைப் பிடிச்சு விட்டீங்களா?"

"ஐயோ, இல்ல சிஸ்டர். தொடக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

முழங்காலில் ஐந்து குழிகள். இப்போதுதான் விழுந்தன. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே.

போனை எடுத்தாள். உண்மையைச் சொல்லிவிட வேண்டும். டாக்டர் எண். மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை.

தொடை.

மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை.

இடுப்பு.

அவர் கண் திறந்தார். "சிஸ்டர்... கையைக் கொஞ்சம் எடுங்களேன். வலிக்குது."

அவளுடைய இரண்டு கைகளும் போனைப் பிடித்திருந்தன. அவர் வயிற்றுக் கட்டின் மேல், தையல் இருக்கும் இடத்தில், கண்ணுக்குத் தெரியாத ஐந்து விரல்கள் மெல்ல மெல்லக் குழி பதித்து உள்ளே இறங்கிக்கொண்டிருந்தன.