அந்தப் பாட்டு யாருக்கு?

சனிக்கிழமை, மதியம் இரண்டு மணி. ஜொகூர் பாருவை ஒட்டிய தம்போயில் விசுவலிங்கத்தின் வீடு. பக்கத்து அறையில் டேப் இயந்திரத்தைத் தயார் செய்துவிட்டு, தீபன் அட்டைப்பெட்டியைத் திறந்தான்.

பெட்டி காலி.

தீபன் சிங்கப்பூரிலிருந்து வந்த ஒலிப்பதிவாளன். பழைய ஒலிநாடாக்களைக் கணினிக்கு மாற்றித் தருவது அவன் தொழில். நிதானமானவன்தான். ஆனாலும் குரல் ஏறிவிட்டது.

"ஆன்ட்டி! டேப்பை யாராவது எடுத்து வச்சீங்களா?"

ஈரக் கையோடு ஓடிவந்த விசுவலிங்கத்தின் மனைவி செல்லப்பாக்கியத்துக்கு அதிர்ச்சி இரண்டாவதாகத்தான் வந்தது. யாரோ தன்னை முந்திக்கொண்டுவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. காலையிலிருந்து அந்தப் பெட்டியைத் தாண்டிப் போகும்போதெல்லாம், இதைத் தூக்கிக் குப்பையில் போட்டால் என்ன என்று நினைத்துக்கொண்டேதான் இருந்தாள்.

நாடாவில் இருந்தது 'பாலத்துக்கு அந்தப் பக்கம்'. 1966-இல் விசுவலிங்கம் எழுதி, மெட்டுப் போட்டு, நிர்மலாதேவியோடு சேர்ந்து பாடிய பாட்டு. ஜொகூர் பாருவில் கிதார் வாங்கியவர்கள் எல்லாம் முதலில் அதைத்தான் வாசித்துப் பழகினார்கள். அது ஒலிக்காத தமிழ்க் கல்யாண விருந்து அந்த வட்டாரத்தில் கிடையாது. கொரோனாக் காலத்தில் சிங்கப்பூருக்குப் போகும் பாலத்தை அடைத்து எல்லையை மூடி, புருஷன் சிங்கப்பூரிலும் பெண்டாட்டி இங்கேயுமாகக் குடும்பங்கள் பிரிந்து கிடந்தபோது, கைபேசியில் முகம் பார்த்துக்கொண்டு அதைத்தான் பாடினார்கள். நாளைக்கு அதன் அறுபதாம் ஆண்டு விழா.

அந்தப் பாட்டைப் பதிவு செய்த ஒலிப்பதிவுக்கூட முதலாளி இறந்துபோன பிறகு, வீட்டைக் காலி செய்த பிள்ளைகளிடம் இந்த நாடா கிடைத்தது. வாத்தியக்காரர்கள் வருவதற்கு முன் எடுத்த ஒத்திகை. விசுவலிங்கத்தின் கிதார், இரண்டு குரல்கள், அவ்வளவுதான். இதுவரை யாரும் கேட்டதில்லை.

"பாட்டுக்கு முன்னாடி ஒரு பேர் சொல்லியிருப்பேன் தம்பி. யாருக்காகப் பாடறேன்னு. அத வெட்டிடாத" என்று விசுவலிங்கம் தீபனிடம் போனில் சொன்னது செல்லப்பாக்கியத்தின் காதில் விழுந்திருந்தது.

யார் பெயர் என்று அவள் கேட்கவில்லை. ஊருக்கே தெரிந்த பெயரை அவள் எதற்குக் கேட்க வேண்டும்? பாலத்துக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூரில் இருந்தவள் நிர்மலாதேவி. பத்திரிகைகள் ஜாடையாக எழுதின. நிர்மலாவும் பேட்டிகளில் இல்லை என்று சொன்னதில்லை, சிரித்து மழுப்புவாள். செல்லப்பாக்கியத்தின் கல்யாணத்திலேயே அந்தப் பாட்டைப் போட்டார்கள். பந்தியில் உட்கார்ந்திருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்றைக்கு நெஞ்சில் பற்றிய நெருப்பு, மூன்று பிள்ளை பெற்று, பேரப்பிள்ளைகள் பார்த்தும் அணையவில்லை.

மதிய விருந்துக்கு வந்தவர்கள் மொத்தம் மூன்று பேர். தீபன், நிர்மலாதேவி, பழைய கிதார்க்காரர் சிவகணேசன். சாப்பிடுமுன் தீபன் நாடாவை எல்லோருக்கும் காட்டினான். சிறிய சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வட்டம். மறுபடி பெட்டியில் வைத்து, அறையிலேயே விட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். சமையலறைக்குப் போகிற எவரும் அந்த அறையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

நாடாவைக் காணோம் என்றதும் சிவகணேசன் தானாகவே தன் பையைக் கவிழ்த்துக் கொட்டினார். "பாருங்க. அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது."

நிர்மலாதேவி சாப்பிட்டதும் ஹோட்டலுக்குக் கிளம்பிவிட்டிருந்தாள். அவள் கைப்பையில் போனும் லிப்ஸ்டிக்கும் வைக்கத்தான் இடம் இருந்தது. அந்த வட்டம் அதற்குள் போகாது.

மிச்சம் ஒரே ஆள். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. விசுவலிங்கம் மட்டும் மனைவியைச் சமையலறைக்குள் அழைத்துப் போய், தாழ்ந்த குரலில் கேட்டார்.

"பாக்கியம், கோபத்துல எடுத்து வச்சிருந்தா குடுத்துடு. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

ஐம்பத்தாறு வருஷக் குடித்தனத்தில் அவர் அவளைத் திருடி என்று சொன்னது அதுவே முதல் தடவை. செல்லப்பாக்கியம் பின்வாசல் வழியாகப் பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

மீரா பீவி சுங்கத்துறையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவள். ஜொகூர் பாலத்து எல்லையில் முப்பது வருஷம் பெட்டிகளையும் முகங்களையும் பார்த்துத் தேர்ந்தவள். கதையைக் கேட்டதும் முக்காட்டைச் சரி செய்துகொண்டு எழுந்தாள்.

"வாங்கக்கா, போலாம்."

முதலில் சிவகணேசன்.

"அந்த ரூமுக்குப் போனீங்களா?"

"போனேன். கண்ணாடிய அங்க விட்டுட்டேன்."

"டேப் வெளிய வந்தா உங்களுக்கு என்ன நஷ்டம்?"

அவர் முகம் சிவந்தது. "ஆரம்பத்துல வர்ற கிதார் பிட்டு என்னோடது. அறுபது வருஷமா சொல்றேன், யாரும் நம்பல. நான் வர்றதுக்கு முன்னாடி எடுத்த ஒத்திகையில அது இருக்காதும்மா. அந்த டேப்தான் எனக்குச் சாட்சி. நான் ஏன் எடுக்கறேன்?"

அடுத்து விசுவலிங்கம்.

"அண்ணே, அதுல யார் பேரு இருக்கு?"

"நாளைக்கு மேடையில கேட்டுக்கட்டும்னு இருந்தேன்."

"அந்தப் பேரு வேற யாருக்குத் தெரியும்?"

"பதிவு பண்ணவர் போய்ட்டாரு. அன்னிக்கு அங்க இருந்தது நானும் நிர்மலாவும்தான்."

செல்லப்பாக்கியத்துக்கு உள்ளே சுருக்கென்றது. மீரா பீவி அவளைக் கூடத்து நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"இப்ப நீங்க. இன்னிக்கு அந்தம்மாவப் பாத்து எதுக்கெல்லாம் வயிறு எரிஞ்சுது? ஒண்ணு விடாம சொல்லுங்க."

"இது என்ன கேள்வி மீரா?"

"சொல்லுங்க லா" என்று மலேசியப் பேச்சில் அவசரப்படுத்தினாள் மீரா பீவி.

சொல்ல ஆரம்பித்ததும் தானாகவே கொட்டியது. "பட்டுப் புடவை கட்டிட்டு வந்தா, சாப்பாட்டுக்கு. வந்ததும் என் முன்னாடியே 'லிங்கம்'னு பேர் சொல்லிக் கூப்பிட்டா. என் கத்திரிக்காய்க் கறியத் தொடக்கூட இல்ல. சோத்த ரெண்டு வாய்தான் சாப்பிட்டா. தான் கொண்டாந்த பிஸ்கட்ட, ஏதோ அவ வீடு மாதிரி, நேரா சமையலறைக்குப் போய் என் தட்டுலயே கொட்டி வச்சா. காலி டின்னக்கூட விட்டுட்டுப் போகல, தூக்கிட்டுப் போய்ட்டா, கருமி. வாசல்ல செருப்பு போட இவரு கை குடுத்தாரு. எனக்கு முட்டி வலிக்குதுன்னு பத்து வருஷமா சொல்றேன்…"

மீரா பீவி அவள் கையைத் தட்டிக் கொடுத்தாள். பிறகு சமையலறைக்குப் போய்ப் பிஸ்கட் தட்டைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"அண்ணே, அந்தம்மாவுக்குப் போன் போட்டு டீக்கு வரச் சொல்லுங்க. டேப் காணோம்னு சொல்லாதீங்க."

நான்கரை மணிக்கு நிர்மலாதேவி வந்தாள். எழுபத்தொன்பது வயதிலும் முதுகு வளையாத நடை. எல்லோரும் கூடத்தில் இருந்தார்கள். டீயை வைத்துவிட்டு மீரா பீவி நேராகவே ஆரம்பித்தாள்.

"டேப்ப நீங்கதான் எடுத்தீங்க."

நிர்மலாதேவி சிரித்தாள். "என் பையப் பாத்தீங்களா? இதுலயா?"

"அதுல இல்ல. பிஸ்கட் டின்னுல. வட்ட டின்னு, வட்ட டேப். அளவெடுத்த மாதிரி உக்காரும்." மீரா பீவி குரலை உயர்த்தவில்லை. "நம்ம வீடுகள்ல விருந்தாளி கொண்டாந்த டின்ன அன்னிக்கே திருப்பி எடுத்துட்டுப் போவாங்களா? எடுத்தாலும் வீட்டுக்காரங்க காலியா அனுப்புவாங்களா? பாக்கியக்கா அதப் பாத்தாங்க. கருமித்தனம்னு நெனச்சாங்க. உங்கமேல இருந்த பொறாமை அவங்க கண்ண மறைச்சிருச்சு."

செல்லப்பாக்கியம் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு எதுக்கு அது?" என்றாள் நிர்மலாதேவி. "பாட்டு யாருக்குன்னு எல்லாருக்கும் தெரியுமே."

"அதுதான் விஷயம். டேப்புல உங்க பேரு இருந்தா, அத ஊருக்கே போட்டுக் காட்டுன்னு நீங்கதான் முதல்ல சொல்லியிருப்பீங்க. வேற பேரு இருந்தாத்தான் அது ஒளியணும். என்ன பேருன்னு எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். நீங்க அன்னிக்கு அங்க இருந்தீங்க."

நிர்மலாதேவி கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"டேப்ப எரிச்சிருக்க மாட்டீங்க," என்றாள் மீரா பீவி, கொஞ்சம் மெதுவாக. "உங்க பத்தொன்பது வயசுக் குரல் அதுல இருக்கு."

நிர்மலாதேவி டீக் கோப்பையைக் கீழே வைத்தாள். "எனக்குன்னு இருந்தது அந்தப் பாட்டு ஒண்ணுதான். கல்யாணம் இல்ல, பிள்ளை இல்ல. போற இடமெல்லாம் அந்தப் பொண்ணு நீங்கதானேன்னு கேட்டாங்க. அது பொய்யுன்னு நாளைக்கு ஒரு மண்டபமே கேக்கணுமா?" பிறகு தீபனிடம், "ஹோட்டல் ரூம் அலமாரியில இருக்கு. வா தம்பி, எடுத்துத் தரேன்" என்றாள்.

போலீசைக் கூப்பிடுவதைப் பற்றி யாரும் பேசவில்லை.

அவர்கள் திரும்பி வந்து, தீபன் நாடாவை இயந்திரத்தில் மாட்டும்போது வெளியே மழை பிடித்திருந்தது. முதலில் இரைச்சல். பிறகு ஓர் இளைஞனின் குரல். செல்லப்பாக்கியம் கேட்டறியாத, கல்யாணத்துக்கு முந்தைய விசுவலிங்கத்தின் பேச்சுக் குரல்.

"இது ஹேமநாதன் அண்ணனுக்கு. அந்தப் பக்கம் ரேடியோவுல என்னிக்காவது கேப்பாரு."

நிர்மலாவின் இளம் குரல் சிரித்தபடி சட்டென்று கேட்டது: "அண்ணனுக்கா? நான் காதல் பாட்டுன்னுல்ல நெனச்சேன்." அந்தச் சிரிப்பில் ஏமாற்றம் அப்பட்டமாகத் தெரிந்தது. பிறகு கிதார். சிவகணேசனின் அந்தத் துண்டு அதில் இல்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

ஹேமநாதன். அந்தப் பெயரைக் குடும்பத்தில் யாரும் உச்சரித்ததில்லை. சீனப் பெண்ணைக் கட்டிக்கொண்டு சிங்கப்பூருக்குப் போன, விசுவலிங்கத்தின் அண்ணன். மாமனார், வீட்டிலிருந்த அவர் படங்களையெல்லாம் எடுத்துவிட்டாராம். செல்லப்பாக்கியத்துக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"அண்ணனுக்குன்னு சொன்னா அப்பா ரெக்கார்ட ஒடச்சிருப்பாரு" என்றார் விசுவலிங்கம். "அதான் ஒரு பொண்ணுக்குப் பாடற மாதிரி எழுதினேன். அப்பா இறந்துபோன அடுத்த வருஷமே அண்ணனும் இறந்துட்டாரு. அப்புறம் யார்கிட்ட சொல்ல?"

"என்கிட்ட" என்றாள் செல்லப்பாக்கியம்.

"நீ கேக்கவே இல்லையே, பாக்கியம்."

உண்மைதான். வீம்பில் கேட்கவில்லை. பாட்டு நிர்மலாவுக்கு இல்லை என்று தெரிந்த நிம்மதி ஒரு கணம் வந்தது. வந்த வேகத்திலேயே போனது. பாட்டு அவளுக்கு இல்லைதான். ஆனால் அந்தப் பெயரை அறுபது வருஷம் வைத்திருந்தவள் அவள்தானே? பெண்டாட்டிக்குச் சொல்லாததை அவளுக்குச் சொன்னாரே. இத்தனை நாள் எரிந்ததைவிட இது நிஜமாக எரிந்தது.

நிர்மலாதேவி எழுந்தாள். "நாளைக்கு நான் வரல."

"வாங்க" என்றாள் செல்லப்பாக்கியம். "நீங்க இல்லாம அது பாட்டே இல்ல. நீங்கதான் பாடணும்."

அன்பாகச் சொன்னாள் என்று சொல்ல முடியாது. ஆனாலும் சொன்னாள். சிவகணேசன் குடையை விரித்து நிர்மலாவைக் காருக்குக் கூட்டிப் போனார். பின்னாலேயே மீரா பீவியும் தீபனும் சத்தமில்லாமல் விலகினார்கள்.

தன்னைத் திருடி என்றதற்கு விசுவலிங்கம் ஏதோ மன்னிப்புச் சொல்ல வாயெடுத்தார். செல்லப்பாக்கியம் கையைக் காட்டி நிறுத்தினாள். ஒரு நாற்காலியை அவர் முழங்காலுக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அதெல்லாம் அப்புறம். உங்க அண்ணன் எப்படி இருப்பாரு? உயரமா? மொதல்லேருந்து சொல்லுங்க."

விசுவலிங்கம் கையைத் தன் தலைக்கு மேலே உயர்த்தி அளவு காட்டினார். பிறகு சொல்ல ஆரம்பித்தார்.