மூன்றாவது தேடுசொல்

ஆண்டுக்கு ஒருமுறை, மாசி முதல் வாரத்தில், கோயம்புத்தூர்க் கடைக்காரர்கள் எல்லாம் தலை படிய வாரிக்கொண்டு பீளமேடு சொற்பதிவகத்துக்கு வந்துவிடுவார்கள். நான் அங்கே மூன்றாம் சாளரத்தில் இருப்பவள். வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது "தரம்". மீதிப் பேர் கேட்பது "நம்பிக்கை". போன வருடம் ஒருவர் "தரமான நம்பிக்கை" என்றே பதிந்துகொண்டு போனார். அவர் விற்பது பிளாஸ்டிக் வாளி.

வாளி உடைந்தால் யாராவது காதில் இருக்கும் தேடியிடம் "எனக்குத் தரமான நம்பிக்கை வேண்டும்" என்று கேட்பார்களா? இதை அவரிடம் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. என் தலைக்கு மேலே சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள்: "சாளரத்தில் இருப்பவர் எந்தச் சொல்லையும் பரிந்துரைக்கக் கூடாது." ஒன்பது வருடமாக அதன் கீழே நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பெயர்ப்பலகைகளையும் விளம்பரங்களையும் ஒழித்துப் பதினெட்டு வருடம் ஆகிறது. அதற்கு முன்னால் ஒரே கடை தன் இணையதளத்தில் ஆயிரம் தேடுசொல்லை அள்ளிப் போட்டுக்கொள்ளுமாம். பஞ்சர் ஒட்டத் தேடியவர் கல்யாண மண்டபத்தில் போய் நிற்பாராம். சலித்துப்போய், கடைக்கு மூன்றே தேடுசொல் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். நீங்கள் உங்கள் தேவையைத் தேடியிடம் சொல்ல வேண்டும். அதே வார்த்தைகளைப் பதிந்திருக்கும் கடை வாசலில் தானோடி வண்டி உங்களை இறக்கிவிடும். பதிந்த சொல்லை ஒரு வருடத்துக்கு மாற்ற முடியாது.

இன்னொரு விதியும் உண்டு. வருடத்தில் குறைந்தது முப்பது வெவ்வேறு பேர் தேடி வந்தாக வேண்டும். ஒரே ஆள் நூறு முறை வந்தாலும் ஒரு ஆள்தான். தொடர்ந்து மூன்று வருடம் தவறினால் அந்தக் கடைக்குத் தானோடி போகாது. இந்தக் காலத்தில் அதற்குப் பிறகு யார் நடந்து வரப் போகிறார்கள்?

நாச்சிமுத்து அண்ணன் இரண்டு வருடம் தவறியவர். சிங்காநல்லூரில் வீட்டு இயந்திரங்களைப் பழுது பார்க்கிறார். கை அவ்வளவு சுத்தம் என்று ஊரில் சொல்வார்கள். சொல்வதோடு சரி, யாருக்கும் கடைக்கு வழி தெரியாது. போன மாசியில் மனைவி மரகதம் அக்காவோடு என் சாளரத்துக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் மடித்த காகிதம்.

"போன தடவை வெச்ச பேரே இருக்கட்டும் அம்மிணி. 'துல்லிய இயந்திர மறுசீரமைப்பு நிபுணர்'. கூட ரெண்டு சேத்திக்கலாமுங்க. 'சுழல்தண்டுத் தாங்கி வல்லுநர்', 'மின்னியக்கிப் புத்துயிர் நிலையம்'."

சொல்ல வேண்டியது எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. தலைக்கு மேல் பலகையை நினைத்து விழுங்கிக்கொண்டேன்.

"போன வருசம் எத்தனை பேர் வந்தாங்கண்ணா?" என்று மட்டும் கேட்டேன்.

"பதினோரு வருகைன்னு காட்டுதுங்க. ஆனா ஒருத்தரையும் நான் பாக்கல. நான் பின்னாடி பட்டறையில இருக்கறப்ப வந்து, ஆளு இல்லீன்னு போயிருப்பாங்களாட்டம் இருக்குது."

கடைக்காரருக்கு வருகை மட்டும்தான் தெரியும். என் திரையில் ஆளும் தெரியும். திறந்து பார்த்தேன். பதினோரு வருகையும் ஒரே ஆள். பெயர்: மரகதம்.

நிமிர்ந்தேன். கணவருக்குப் பின்னால் நின்ற மரகதம் அக்கா கண்ணை உருட்டி, உதட்டின் மேல் விரலை வைத்தார். வந்தவர் பெயரை வெளியிடக் கூடாது என்று எங்களுக்கு விதியும் இருக்கிறது. நல்லவேளை, அந்த ஒரு விதி எனக்குப் பிடித்த விதி.

ஆனால் இப்படியே பதிந்து கொடுத்தால் அடுத்த மாசியில் அந்தக் கடை இருக்காது. அவர் நீட்டிய காகிதத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். பிறகு சட்டென்று எழுந்து, "டீ குடிச்சிட்டு வர்றேண்ணா, பத்து நிமிசம்" என்றேன்.

டீ நேரத்தில் நான் சாளரத்தில் இருப்பவள் இல்லை. வீட்டில் கிரைண்டர் கெட்டு ஒன்பது நாளாகக் கடை மாவில் தோசை தின்கிற சாதாரணப் பெண்பிள்ளை. வரிசைக்குப் பக்கத்திலேயே போய் நின்று, காதில் இருந்த தேடியைத் தட்டினேன்.

"எங்கூட்டு கிரைண்டர் கடகடன்னு சத்தம் போடுது. சரி பண்ணித் தர்றது யாரு?"

"அப்படி ஒரு கடை இல்லை. புதிய கிரைண்டர் விற்கும் கடைகள் இருநூற்றுப் பதினாறு உள்ளன" என்றது தேடி, நான் வேண்டுமென்றே கூட்டி வைத்திருந்த ஒலியில்.

நாச்சிமுத்து அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "புதுசு எதுக்குங்க? கடகடன்னா தாங்கி தேஞ்சிருக்கும், அரைமணி நேர வேலை! 'சுழல்தண்டுத் தாங்கி'ன்னு கேட்டுப் பாருங்க அம்மிணி."

"தாங்கி தேஞ்சிருக்குன்னு எனக்கெப்படிண்ணா தெரியும்? சத்தம் போடுது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

அவர் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தார். பிறகு வரிசையில் அடுத்து நின்ற பூக்கடைக்காரம்மாவின் தோளைத் தட்டி, "ஏனுங்க, உங்கூட்ல மிஷினு கெட்டுப்போனா என்னன்னு சொல்லுவீங்க?" என்றார்.

"தண்ணி மோட்டார் ஓடுது, ஆனா தண்ணி ஏறமாட்டேங்குதும்பேன்."

அடுத்தவர் மிக்சி தீயற நாத்தம் அடிக்குது என்றார். வாளிக்காரர், துடைப்பு ரோபோ ஒரே இடத்தில் சுத்துது என்றார். நான் டீயை ஆற்றி ஆற்றிக் குடித்தேன். அண்ணன் காகிதத்தின் பின்பக்கம் முழுக்க எழுதி நிரப்பிவிட்டார்.

"பேசாம 'ரிப்பேர்'னு ஒரே வார்த்தையா போட்டா எல்லாம் அடங்கீரும் புள்ள" என்று மனைவியிடம் சொன்னதும் எனக்குத் திக்கென்றது. அந்தச் சொல்லில் ஏற்கெனவே நாலாயிரம் கடை நிற்கிறது. ஆனால் மரகதம் அக்கா விடவில்லை.

"ஊரே 'ரிப்பேர்'னு வெச்சிருக்கும்ங்க. அந்தக் கும்பல்ல போயி நீங்க எங்க நிப்பீங்க? கிரைண்டர் சத்தம் போடுதுன்னு இந்தக் கண்ணு கேட்டுச்சு, ஊர்ல ஒரு கடை இல்லைங்குது. அதுல போயி நில்லுங்க, தனியா தெரிவீங்க."

அன்று பதிந்தவை: "கிரைண்டர் சத்தம் போடுது", "மோட்டார் ஓடுது தண்ணி ஏறல". மூன்றாவது இடத்தில் மட்டும் அவர் மனசு கேட்கவில்லை. "துல்லிய இயந்திர மறுசீரமைப்பு நிபுணர்" அப்படியே நின்றது. இருபது வருட உழைப்புக்கு அவரே கொடுத்துக்கொண்ட பட்டம் அது. எனக்கு எரிச்சல் வந்ததை மறைக்கவில்லை. முத்திரையைச் சற்றுப் பலமாகவே குத்தினேன்.

மறுநாள் சாயங்காலம் என் கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக நான்தான் போனேன். இருபத்தைந்து நிமிடத்தில் பூனைக்குட்டி மாதிரி ஓடியது.

இந்த மாசியில் அவர்கள் மறுபடி வந்தார்கள். அண்ணனுக்குத் தலை வாரக்கூட நேரம் இல்லை போலிருக்கிறது, நகக்கண்ணில் கிரீஸ். என் திரையில் நானூற்றுப் பன்னிரண்டு ஆள் என்று காட்டியது. சத்தியமாகச் சொல்கிறேன், சொந்த அண்ணன் ஜெயித்த மாதிரி சந்தோஷமாக இருந்தது. மூன்றாவது சொல்லைத் திறந்தேன். ஐம்பத்திரண்டு வருகை, ஒரே ஆள்.

"மூணாவதுல மாற்றம் இருக்குங்களாண்ணா?" விதிப்படி கேட்க வேண்டிய கேள்விதான்.

"அத மட்டும் தொட்றாதீங்க அம்மிணி" என்றார் அவசரமாக. பிறகு குரலைத் தாழ்த்தினார். "இப்பக் கூட்டம் சாஸ்தியாயி, பட்டறையை முன்வாசலுக்கே கொண்டாந்துட்டனுங்க. சித்திரையில ஒருநா தானோடி வந்து நின்னுது. 'துல்லிய இயந்திர மறுசீரமைப்பு நிபுணர், வந்தாச்சு'ன்னு கதவு தொறக்குது. ஆகா, அப்படிக் கேட்டு வந்த மகராசன் ஆருன்னு ஓடிப் போயிப் பாத்தா, காய்கறிப் பையோட இவ எறங்கறா."

"சொல்லுக்கு ஒருத்தரும் வரலீன்னா அழிச்சுப்போடுவாங்களாமுல்ல" என்றார் மரகதம் அக்கா, தரையைப் பார்த்தபடி. "இவரு ஆசையா வெச்ச பேரு. அதான்."

நான் ஒன்றும் பரிந்துரைக்கவில்லை. மூன்றையும் அப்படியே பதிந்து முத்திரை குத்தினேன், இந்த முறை மெதுவாக.

இருவரும் வாசலில் தானோடியில் ஏறுவதைச் சாளரம் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். குடியிருப்பது கடைக்குப் பின்னால்தான். "வீட்டுக்கு" என்று ஒரு வார்த்தை சொன்னாலே வண்டி கொண்டுபோய் விட்டுவிடும். மரகதம் அக்கா மூச்சை நன்றாக இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஓர் எழுத்துப் பிசகாமல், அந்தப் பெயரை முழுசாகச் சொன்னார்.