ஏழாவது மாடி மாஸ்க்

ஃபோன் அலறியது!

லிட்டில் இந்தியாவில் தன் ஆபீசில், அன்று காலை வந்திறங்கிய புது வேக்குவம் கிளீனருக்குக் குங்குமப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார் தனசேகரன். புதுசு எது வந்தாலும் முதலில் பொட்டு... அப்புறம்தான் வேலை!

"அண்ணே! ஹலீமா அக்கா விழுந்துட்டாங்க!" ஊரின் மறுகோடியில் இருக்கும் பாசிர் ரிஸ்ஸிலிருந்து ரபியா. ஹலீமாவைப் போலவே அவரிடம் கிளீனிங் வேலை பார்ப்பவள். "பேச்சு மூச்சில்ல... ஆம்புலன்ஸ்ல கொண்டு போயிட்டாங்க. போலீஸ் வந்து நிக்குது லா!"

தனசேகரன் குங்குமச் சிமிழை அப்படியே போட்டுவிட்டு எழுந்தார்.

அந்த ஏழாவது மாடி வீட்டில் போன மாதம்வரை திருட்டுத்தனமாய் போதை மருந்து காய்ச்சினார்கள். ஆளைப் பிடித்து உள்ளே போட்டாயிற்று. சுவர் குடித்த கெமிக்கலை யார் பிடிப்பது? தேய்த்துக் கழுவினால் ஆவியாய்க் கிளம்பி நெஞ்சுக்குள் இறங்கும். அதைக் கழுவும் கான்ட்ராக்ட்தான் தனசேகரனுடையது. ஃபில்டர் பொருத்திய மாஸ்க் இல்லாமல் யாரும் உள்ளே போகக் கூடாது.

டாக்சியில் பறந்தார்.

வாசலிலேயே மறித்தாள் இன்ஸ்பெக்டர் வினுஷா.

"ஹலீமாவோட மாஸ்க் தரையில கிடந்துச்சு. ரபியா அப்ப கீழ லாரியில இருந்திருக்காங்க. யார் கழட்டினது?"

"அவளேதான் மேடம்! வேர்க்குதுன்னு கழட்டியிருப்பா. எத்தனை தடவை தலைதலையா அடிச்சுக்கிட்டேன்!"

சொன்ன வாய் கூசியது. பன்னிரண்டு வருஷத்தில் ஹலீமா ஒரு நாள்கூட வேலை நடுவே மாஸ்க்கைக் கழட்டியதில்லை.

ஹலீமா கண் விழித்துவிட்டதாகத் தகவல் வந்ததும் வினுஷா ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போட்டாள். ஸ்பீக்கரில்!

"ஹலீமா... மாஸ்க்கை யாரும்மா கழட்டினது?"

ஒரு நீண்ட இருமல்.

"நான்தான் மேடம்... வேர்த்துச்சு. அண்ணன் மேல தப்பில்ல. அவரு எல்லாமே புதுசாத்தான் குடுப்பாரு..."

பொய்!

அவருக்காகச் சொன்ன பொய்!

தனசேகரனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ஒரு ஷிஃப்ட்டோடு தூக்கிப் போட வேண்டிய ஃபில்டர்களைத் துடைத்து, பிளாஸ்டிக் கவரில் போட்டு ஒட்டி, 'புதுசு' என்று நீட்டிய மகராசன் அவர்தானே! சே... என்ன மனுஷன் நான்!

"அப்ப கேஸ் முடிஞ்சுது," என்றாள் வினுஷா.

தப்பித்தோம்! மூச்சு விட்டார்.

"ஒரே ஒரு சந்தேகம் சார். உங்க ஆளுங்க கொண்டு வந்த இந்தப் பெட்டியில உங்க பேர் போட்ட மாஸ்க் இருக்கு. ஃபில்டர்ல சிவப்பா ஒரு புள்ளி. ஹலீமாவோடதுல இல்ல... ரபியாவோடதுலயும் இல்ல. முதல்ல ரத்தம்னு பயந்துட்டேன்..."

"மே... மேடம்..."

"குங்குமம்! எங்கம்மா புது ரைஸ் குக்கருக்கே பொட்டு வைப்பாங்க சார். ஆனா புதுசுக்கு மட்டும்தான்... பழசுக்கு யாரும் வைக்க மாட்டாங்க!"

தனசேகரன் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

வினுஷா ஹலீமாவின் மாஸ்க்கை நீட்டினாள். "இதுவும் புதுசுதான்னா... மாட்டிக்கிட்டு என்கூட உள்ள வாங்க. அஞ்சே நிமிஷம்."

கை நீளவில்லை.

தலை குனிந்தது. ஃபோனில் லைன் இன்னும் இருந்தது. அதைப் பார்த்தே பேசினார்.

"ஹலீமா... நீ கழட்டலம்மா. நெஞ்சு அடைச்சுதான் பிச்சு எறிஞ்சிருப்ப. நான் குடுத்தது பழசு. எனக்கு மட்டும் புதுசு வெச்சுக்கிட்டேன்... வெக்கமா இருக்கும்மா..."

"தெரியும்ணே."

"எ... என்னது?"

"போன வாரம் அந்த ஃபில்டர் ஓரத்துல நான்தான் பேனாவால என் பேரை எழுதினேன். இன்னைக்குப் புதுசுன்னு கவர்ல திரும்ப என் கைக்கே வந்துச்சு. கேட்டா நீங்க சங்கடப்படுவீங்கன்னு... கேக்கல."

தனசேகரன் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அழுகை வந்தது. மறைக்க மாஸ்க்கூட இல்லை.

வினுஷா இடுப்பிலிருந்து பளபளவென்று கைவிலங்கை எடுத்தாள். தனசேகரனின் விரல் நுனியில் இன்னும் குங்குமம் ஒட்டியிருந்தது.

"போன வாரம்தான் குடுத்தாங்க சார்... புத்தம் புதுசு. உங்க கையாலயே ஒரு பொட்டு வெச்சிடுங்க!"