கதாநாயகிக்கு ஒரு சொட்டுச் சிவப்பு

கலையுலகம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கவேண்டிய செய்தி ஒன்று சென்ற ஆனி மாதக் கடைசியில் வெளியானது. வெண்ணந்தூர் மண் ஈன்ற விலங்குச் சித்திர மேதை திரு. சிவபிரகாஷ், பி.இ., அவர்கள், தமது அழியாப் படைப்பாகிய ‘கொண்டை ராஜ்ஜிய’த்தின் பாத்திரங்களுக்கு உயிரூட்டும் பொருட்டு இன்று முதல் கோழிப்பண்ணையில் தவம் இருக்கிறார், ஆகவே அன்பர்கள் யாரும் அழைத்துத் தொந்தரவு செய்யவேண்டாம்.

வெளியான இடம் அவனுடைய வாட்ஸப் ஸ்டேட்டஸ். முப்பத்துச் சொச்சம் பேர் பார்த்தார்கள். தொந்தரவு செய்யும் உத்தேசம் ஒருவருக்கும் இருக்கவில்லை. அப்பா மட்டும் பதில் போட்டிருந்தார்: “ஆடி முடிஞ்சதும் தறிக்கு வந்துரு.”

அதுதான் கெடு. பெங்களூரில் ஒரு கார்ட்டூன் கம்பெனி குழந்தைகள் தொடருக்குக் கோழிப் பாத்திரங்கள் தேடிக்கொண்டிருந்தது. அவர்களுக்குப் பிடித்தால் சிவபிரகாஷ் ஓவியன். பிடிக்காவிட்டால் அப்பாவின் விசைத்தறிக் கொட்டகையில், பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காத இரைச்சலில், அறுந்த இழையை முடிந்து முடிந்து கிழவனாக வேண்டியதுதான்.

பண்ணை அவன் அக்கா உஷாராணியின் வீட்டுக்காரர் ஜீவானந்தத்துடையது. அவரும் தறிக்காரராக இருந்தவர்தான். தறிகளை எடைக்குப் போட்டுவிட்டுப் போன வருஷம்தான் கோழியில் இறங்கியிருந்தார். கையில் போனும் போனில் கோழி வளர்ப்பு வீடியோக்களும் இருந்தபடியால் அவர் யாரையும் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. ஆனால் ஒன்று அவருக்கும் தெரியும். முட்டைக்கோழிக் குஞ்சுகளுக்குச் சின்னதிலேயே பழுக்கக் காய்ந்த பிளேடில் அலகு நுனியை வெட்டிவிடுவார்கள். வெட்டாத கோழி கொத்தும்.

“மூக்கு வெட்டுனா மூஞ்சி மூளியாயிருமுங் மாமா. கதாநாயகி மூளியா நின்னா எவன் பாப்பான்? ஒரு கொட்டாய்க்கு மட்டும் வெட்டாம உடுங்க” என்று குஞ்சு இறங்கிய அன்றே, பங்குனியில், சிவபிரகாஷ் கேட்டிருந்தான்.

“ஏனுங் மாப்ள, ஒண்ணையொண்ணு கொத்திக்கும்ங்கறாங்களே?”

“படம் ஆரம்பிக்கறப்ப ‘நன்றி: கலைப் புரவலர் ஜீவானந்தம்’னு தனியா எழுத்து வருமுங்க.”

ஜீவானந்தம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். கலைப் புரவலர். வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். அளவு சரியாக இருந்தது.

“ஐந்நூறு உட்டாப் போதுமுங்களா?” என்றார்.

ஆடி பிறந்தபோது அந்த ஐந்நூறும் வளர்ந்து, தும்பைப்பூ வெள்ளையில், கத்திரி போல நீண்டு வளைந்த முழு அலகோடு நின்றன. பண்ணையின் மேற்கோரத்துக் கொட்டகை அது. ஆடிக்காற்றுக்காகக் கம்பிவலை மேல் சாக்குப் படுதாக்களை இறக்கிக் கட்டியிருந்ததால், வெளியே வெயில் வெள்ளையாய்க் காய்ந்துகொண்டிருக்க, உள்ளே எப்போதும் அந்தி மாதிரி ஒரு பழுப்பு வெளிச்சம். தரையில் பரப்பிய உமி எச்சத்தோடு ஊறிக் கிளப்பும் காரநெடி கண்ணைக் கரிக்கும். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடும் குழாயில் அலகுகள் தட்டும் சத்தமும், ஐந்நூறு தொண்டைகள் ஓயாமல் எதையோ தங்களுக்குள் முறையிட்டுக்கொள்வது போன்ற கேவலும், சாக்கு ஊதிப் புடைத்து அடங்குவதும் சேர்ந்து கொட்டகையே மூச்சு விடுவது போலிருக்கும். அதன் நடுவில் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு, மடியில் அட்டை வைத்து, மேதை அமர்ந்தார்.

முதல் படங்கள் போயின. கம்பெனியில் அவனோடு பேசுபவள் தனப்பிரியா. சென்னைக்காரி.

“க்யூட்டா இருக்கு சிவா. ஆனா கண்ணு செத்துக் கிடக்கு. இது கோழி வேஷம் போட்ட மனுஷன். எனக்குக் கோழி வேணும். அது பயந்தா எனக்கு வயித்தைப் பிசையணும்.”

ஒரே கோழியைத் தொடர்ந்து பார்த்தால்தான் கண் பிடிபடும் என்று முடிவு செய்தான். கொண்டை ஒரு பக்கம் சாய்ந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தான். திரும்புவதற்குள் அது ஐந்நூறில் கலந்துவிட்டது. மறுபடி தேடிப் பிடித்து, அடையாளத்துக்காக, பிடரியில் சிவப்பு போஸ்டர் கலரில் ஒரு சொட்டு வைத்தான். வெள்ளையில் எடுப்பாகத் தெரிந்தது. ராஜகுமாரிக்குத் திலகமிட்டாயிற்று என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சாப்பிடப் போனான்.

மறுநாள் காலை கதாநாயகி சுவரோரம் நின்றிருந்தது.

நின்றிருந்ததுதான் தப்பாகப் பட்டது. மற்றவை எல்லாம் நடந்துகொண்டிருக்க அது மட்டும் நின்றது. பிடரியில் வைத்த சிவப்பு முதுகு முழுக்க இறங்கியிருந்தது. பெயிண்ட் ஓடிவிட்டது என்று நினைத்து அருகே போனான். இறகு இல்லை. தோல் இல்லை. வால் இருந்த இடத்தில் கை நுழையும் அளவுக்கு ஒரு குழி. அதிலிருந்து ஈரமாய், நீலம் பாரித்த ஒரு கயிறு உமிமேல் நீண்டு போயிற்று. கயிற்றின் மறுமுனையை இன்னொரு கோழி அலகில் பிடித்து, மண்புழுவை இழுப்பது போல, அவசரமில்லாமல் பின்னால் நடந்து இழுத்துக்கொண்டிருந்தது.

கதாநாயகி தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் அவனைப் பார்த்தது.

அவன் வெளியே ஓடி வாந்தியெடுத்தான். வாயைத் துடைத்துக்கொண்டான். பிறகு உள்ளே வந்து, அது விழுவதற்கு முன், அந்தக் கண்ணை வரைந்தான்.

சாயந்திரமே போன் வந்தது. “சிவா! எங்கிருந்து புடிச்சே இதை? எங்க டைரக்டர் பத்து நிமிஷம் இதையே பாத்துட்டிருந்தார். மந்திரி, தளபதி, தோழி, எல்லாருக்கும் இந்தக் கண்ணு வேணும்.”

கலைக்காக உயிரைக் கொடுத்தவர்களைப் பற்றி அவன் நிறையப் படித்திருந்தான். அவன் கோழிகளின் உயிரைக் கொடுத்தான். மந்திரிக்கு ஒரு சொட்டு. தளபதிக்கு ஒரு சொட்டு. வைத்துவிட்டு ஸ்டூலில் உட்காருவான். முதலில் ஒன்று வந்து அந்தச் சிவப்பைச் சந்தேகமாகத் தொட்டுப் பார்க்கும். பிறகு இன்னொன்று. ஓர் இறகு. இன்னோர் இறகு. அப்புறம் தோல் கிழியும் அந்த மெல்லிய சத்தம், புதுத்துணி கிழிவது போல. ஓட்டம். மூலை. வெள்ளைக் குவியல். பென்சில் விடாமல் ஓடும். முதல் கொத்துக்கும் கடைசிக் கொத்துக்கும் நடுவில் கண் என்னென்ன ஆகிறது என்று இப்போது அவனுக்கு மனப்பாடம். நேர்காணல்களில் ‘உங்கள் படைப்பு ரகசியம்?’ என்று கேட்டால் சொல்வதற்காக, ‘உற்று நோக்கல்’ என்ற சொல்லைத் தயாராக வைத்திருந்தான்.

“ஏண்டா சாமி, சோத்துக்கும் வராம அந்தக் கொட்டாய்ல அப்பிடி என்ன பண்றே?” என்றாள் உஷாராணி, டம்ளரை நீட்டியபடி. “உன்ற கையென்ன செவசெவன்னு?”

“பெயிண்டுக்கா.”

டம்ளரைக் கொடுக்கும்போது அவள் மூக்கைச் சுளித்தாள். “பெயிண்டா இப்பிடி நாறுது?”

ஜீவானந்தம் செத்ததைக் குழியில் போட்டுப் போட்டு அலுத்திருந்தார். “தெனமும் குடல் உருவிக் கெடக்குதுங் மாப்ள. என்ன எழவுன்னே தெரியல.”

“மரநாயுங் மாமா. நானே கண்ணால பாத்தேன். கதவு சந்துல நொழையுது.”

பொய் சுலபமாக வந்தது. மரநாய்க்கு ஒரு வழி செய்யவேண்டும் என்று கலைப் புரவலர் அன்றே போன்காரரை அழைத்து வந்து, கதவுச் சந்தைத் தகரத்தால் அடைத்து, வெளிப்பக்கம் கனமாக ஒரு தாழ்ப்பாள் வைத்தார். போன்காரர் என்றால் வெல்டிங் பட்டறைக்காரர்தான். போனில் கூப்பிட்டால் மட்டும் வருவார் என்பதால் அந்தப் பெயர். “நீங்க உள்ள இருந்தாலும் நான் தாழ் போட்டுருவனுங். வேணும்ங்கறப்ப ஒரு போன் போடுங்க, வந்து தொறக்கறேன்” என்றார் ஜீவானந்தம்.

அதற்கப்புறம்தான் அவன் அதைக் கவனித்தான். அவன் உள்ளே நுழைந்தால் கொட்டகை அடங்கியது.

ஓயாத அந்தக் கேவல், குழாயில் அலகு தட்டும் சத்தம், எல்லாம் ஒரே நேரத்தில் நிற்கும். சாக்கு மட்டும் புடைத்து அடங்கும். தீவனத் தட்டுகள் நிறைந்திருக்கும். ஒன்றும் தலையைக் கவிழ்க்காது. கோழிக்கு நேராகப் பார்க்கத் தெரியாது, பக்கவாட்டில்தான் பார்க்கும். நானூற்றுச் சொச்சம் தலைகள் ஒரே பக்கமாகத் திரும்பி, ஒற்றைக் கண்ணால், அவனைப் பார்த்தன. அவன் முகத்தை அல்ல. தூரிகை பிடித்த கையை.

யாரைக் காட்டுவான் என்று காத்திருந்தன.

அன்றைக்கே நிறுத்தியிருக்கலாம். அன்றிரவு அப்பா போன் செய்து, தறி ஓட்டுகிற ஆள் வேலையை விட்டு நின்றுவிட்டான், எப்போது வருகிறாய் என்றார். மறுநாள் அவன் தோழிக்குச் சொட்டு வைத்தான்.

ஆடி கடைசி. மதியம் மூன்று மணிபோல தனப்பிரியா அழைத்தாள்.

“இன்னிக்கு சாயந்திரம் மீட்டிங், சிவா. எல்லாப் படமும் போகுது. வில்லனுக்கு மட்டும் ஒரு முகம் குடுத்துட்டா பலமா இருக்கும். சாகற மாதிரி வேணாம். கொல்ற மாதிரி வேணும்.”

கொல்கிற கோழியின் கண்ணை இதுவரை அவன் பார்த்ததே இல்லை. சாகிறதைத்தானே பார்த்துக்கொண்டிருந்தான்.

உள்ளே போனான். பின்னால் தாழ் விழுந்தது. ஜீவானந்தத்தின் செருப்புச் சத்தம் தீவன அரவைக் கொட்டகைப் பக்கம் போய்த் தேய்ந்தது. மேற்கே மேகம் ஏறியிருந்ததால் பழுப்பு வெளிச்சமும் இன்று பாதிதான். வெள்ளை உருவங்கள் தெரிந்தன. கண்கள் தெரியவில்லை. அவை அவனுக்கு வழிவிட்டன. ஸ்டூல் வரைக்கும். உட்கார்ந்ததும் வழி மூடிக்கொண்டது.

வண்ணப் புட்டியை எடுத்தான். மூடி காய்ந்து இறுகியிருந்தது. சட்டை நுனியைச் சுற்றித் திருகினான். வரவில்லை. அவை ஓரடி நெருங்கின. பல்லால் கடித்தான். வரவில்லை. இன்னும் ஓரடி. காலால் ஒன்றை எத்தினான். அது நகர்ந்துகொடுத்து, அதே இடத்துக்குத் திரும்பி வந்தது. இரண்டு கையாலும் புட்டியை இறுக்கிப் பிடித்து முழு பலத்தோடு திருகினான்.

கண்ணாடி உடைந்தது.

உள்ளங்கையில் சில்லு. சிவப்பு மணிக்கட்டு வழியாக முழங்கைக்கு ஓடியது. சட்டையில். முகத்தில். எது பெயிண்ட், எது தன்னுடையது என்று அவனுக்கே தெரியவில்லை.

நானூறு தலைகள் திரும்பின.

“ச்சூ” என்றான்.

ஒன்று முன்னே வந்தது. அவன் கட்டைவிரலைச் சந்தேகமாகத் தொட்டுப் பார்த்தது.

அவனுக்கு மனப்பாடமான பாடம். அடுத்தது என்ன என்று தெரியும்.

எழுந்து கதவுக்கு ஓடினான். வழி இல்லை. மிதித்தான். எலும்பு நொறுங்கியது, கால் வழுக்கியது, விழுந்தான். தகரத்தை அடித்தான். “மாமா! அக்கா!” அந்த நேரம் பார்த்து அரவை மிஷின் ஓட ஆரம்பித்தது. அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. போனை எடுத்தான். ஈரக்கையில் திரை நகரவில்லை. கழுத்தில் ஒன்று. முதுகில். காது மடலில் பிடித்து இழுத்தது. ஒன்றைப் பிடித்துச் சுவரில் அடித்தான். இன்னொன்றின் கழுத்தைத் திருகினான். அந்த ரத்தமும் அவன் மேல்தான். புதுத்துணி கிழியும் சத்தம். தன்னிடமிருந்தா? வலி பிறகுதான் வந்தது. மொத்தமாக.

மூலை.

முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்தான். முகத்தைப் புதைத்தால் பிடரி தெரியும். பிடரியை மூடினான். விரல்கள். விரல் நுனிகள். கையை எடுத்தான்.

வலது கண்ணில் ஒரு கொத்து.

ஒன்றே ஒன்று.

பிறகு எல்லாம் நின்றன. ஏன் நின்றன என்று தெரியவில்லை. மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. சாக்கு புடைத்து அடங்கியது. இருட்டிவிட்டிருந்தது, அல்லது அவனுக்கு அப்படி இருந்தது. உமியில் கிடந்த போன் திடீரென்று ஒளிர்ந்தது.

அந்த வெளிச்சத்தில் அவற்றைப் பார்த்தான். சுற்றிலும் வரிசை வரிசையாக, சத்தமில்லாமல், வெள்ளை மார்புகளெல்லாம் சிவந்து, ஒவ்வொன்றும் தலையைச் சாய்த்து, ஒரு கண்ணால், அவனுடைய மிச்சக் கண்ணை உற்று நோக்கிக்கொண்டிருந்தன. எதிரே நின்ற ஒன்றின் அலகில் வழவழப்பாக ஏதோ தொங்கியது. அது விழுங்கவில்லை. பிடித்துக்கொண்டு நின்றது. அவன் தேடி வந்த முகம் அதுதான். விரல் துடித்தது. பென்சில் எங்கோ.

ஒளி அணைவதற்குள் தனப்பிரியா அனுப்பியிருந்ததைப் படித்தான்.

எல்லாருக்கும் ரொம்பப் பிடித்துவிட்டதாம். கோழி மட்டும் வேண்டாம், வாத்தாக மாற்றித் தரச் சொல்லியிருந்தார்கள்.