கதையக்காவின் கடைசி அத்தியாயங்கள்

காலை பத்து மணிக்குத் தன் ஒலிப்பதிவுக்கூடத்தைத் திறந்த ஸ்டூடியோக்காரர், பத்தரைக்கெல்லாம் அக்காவின் கணவர் மீது போலீசில் புகார் கொடுத்துவிட்டார்.

களவு போனது ஒரு குரல். வானொலியில் இருபது வருடம் குழந்தைகளுக்குக் கதை சொன்னவர் அவருடைய அக்கா. ஊருக்கெல்லாம் அவர் கதையக்கா. பார்வையற்ற பிள்ளைகளுக்காக ஒரு கப்பல் கதையை முழுவதும் வாசித்து முடித்த அன்றிரவே மருத்துவமனையில் சேர்ந்தார். திரும்பவில்லை. ஒரு மாதமாகப் பூட்டிக் கிடந்த கூடத்தில் இன்று பார்த்தால் ஒன்பது அத்தியாயங்கள் இருக்கின்றன. கடைசி மூன்று இல்லை.

வந்த பெண் இன்ஸ்பெக்டர் உள்ளே நுழைந்ததும் மைக்கின் முன்னால் ஒரு நிமிடம் நின்றார். சின்ன வயதில், அடுப்படி அலமாரியில் இருந்த ரேடியோவில் அந்தக் குரல் தொடங்கினால், அவர்கள் வீட்டில் யாரும் பாத்திரத்தை நகர்த்தமாட்டார்கள்.

"எதுல பதிவாச்சு?"

"பென் டிரைவ்ல மேடம்" என்றார் ஸ்டூடியோக்காரர். "கம்ப்யூட்டர் பக்கத்து ரூம்ல. ஃபேன் சத்தம் மைக்ல விழும்னு தனியா வெச்சிருக்கேன். இங்க ஸ்கிரீனும் கீபோர்டும் மட்டும்தான்."

"என்ன சிஸ்டம்?"

"யூனிக்ஸ் வகை. பழசு. பென் டிரைவைச் செருகினா மெஷினே அதை ஒரு ஃபோல்டர் மேல ஏத்திக்கும், அந்த ஃபோல்டரைத் திறந்தா பென் டிரைவ்ல இருக்கறது தெரியும். ஒவ்வொரு அத்தியாயமும் தனித்தனி ஃபைலா அந்த ஃபோல்டருக்குப் போயிடும். நான் எதையும் தொட வேண்டியதில்ல."

இன்ஸ்பெக்டர் சிரித்தார். போலீஸ் கணினி அறையில் அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வட்டைச் செருகினால் மட்டும் போதாது. அதை ஏற்று என்று கட்டளை அடிக்க வேண்டும், எடுக்கும்முன் இறக்கு என்று அடிக்க வேண்டும். மறந்தால் மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். அந்த அறையின் குளிரும் பச்சை எழுத்துகளும் நினைவுக்கு வந்தன.

"கடைசி அத்தியாயம் பதிவானது நிச்சயமா?"

"முதல் வரியைப் போட்டே காட்டினேன். அக்கா தலையாட்டினாங்க."

"சாவி?"

"என்கிட்ட ஒண்ணு, அத்தான்கிட்ட ஒண்ணு. இந்த ஒரு மாசத்துல நடுவுல வந்து அக்காவோட மூக்குக் கண்ணாடியை எடுத்துட்டுப் போயிருக்காரு. இந்த வேலைதான் அவளைக் கொன்னுடுச்சுன்னு சாவு வீட்டுலயே சொன்னவரு மேடம். கோவத்துல அழிச்சுட்டாரு!"

இன்ஸ்பெக்டர் பென் டிரைவை ஆராய்ந்தார். எதையும் அழித்த தடமே இல்லை. திரையின் மூலையில் மட்டும் ஒரு சிவப்பு எச்சரிக்கை மினுங்கியது: கணினியின் சொந்த வட்டில் இடம் தீர்ந்துவருகிறது.

"இது எப்ப இருந்து?"

"இன்னிக்குத்தான் பார்க்கறேன். பழைய மெஷின், அப்படித்தான் எதையாவது கத்தும்."

பதினொன்றரைக்கு அத்தான் வந்தார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். சரியாகப் போட்டுவிட இப்போது ஆளில்லை.

"அன்னிக்கு எங்க இருந்தீங்க ஐயா?"

"பக்கத்து ரூம்ல, கம்ப்யூட்டர்கிட்ட. அப்படியே தூங்கிட்டேன்."

"வாசிச்சது அங்க கேக்குமா?"

"துளிகூடக் கேக்காது."

"அப்புறமா பதிவைக் கேட்டீங்களா?"

"இல்ல. எனக்கு எதுக்கு? ஆனா ஒண்ணு சொல்றேன், அவளை அன்னிக்கு வாசிக்க விட்டிருக்கவே கூடாது. எட்டாவது அத்தியாயத்துல கப்பல் கிளம்புற இடத்துல குரல் உடைஞ்சே போச்சு, பாவம்."

"ஒன்பதாவது முடிஞ்சதும் இடைவேளை விட்டீங்களா?" இன்ஸ்பெக்டர் ஸ்டூடியோக்காரர் பக்கம் திரும்பினார்.

"ஆமா, அக்காவுக்கு மூச்சு வாங்குச்சு. அப்புறம் மூணையும் ஒரே மூச்சா முடிச்சாங்க."

இன்ஸ்பெக்டர் கீபோர்டில் இறக்கு என்று கட்டளை அடித்துவிட்டு எழுந்தார். "ரெண்டு பேரும் வாங்க."

பக்கத்து அறைக்குப் போய்ப் பென் டிரைவைப் பிடுங்கினார். திரும்பி வந்து திரையில் அதே ஃபோல்டரைத் திறந்தார்.

"அதான் பிடுங்கியாச்சே மேடம், இனிமே அதுல என்ன இருக்..."

ஸ்டூடியோக்காரர் வாயைத் திறந்தபடி நின்றார். திரையில் மூன்று ஃபைல்கள். பத்து, பதினொன்று, பன்னிரண்டு.

"பிடுங்கினாலும் ஃபோல்டர் அப்படியேதான் இருக்கும். அது கம்ப்யூட்டரோட சொந்த டிஸ்க்ல இருக்கற வெறும் இடம்" என்றார் இன்ஸ்பெக்டர். "இடைவேளையில யாரோ பென் டிரைவை எடுத்திருக்காங்க. மெஷின் மிச்சத்தை அந்த வெறும் இடத்துலயே எழுதிடுச்சு. நீங்க போட்டுக் காட்டினதும் அதைத்தான். அப்புறம் பென் டிரைவைத் திரும்பச் செருகினதும், அது தானா மேல ஏறி உக்காந்து கீழ இருக்கறதை மறைச்சிடுச்சு. மேசையில கிடக்கற காகிதத்து மேல புத்தகத்தை வெச்ச மாதிரி. பென் டிரைவ்ல அழிச்ச தடம் இல்ல, ஆனா டிஸ்க்ல இடம் குறைஞ்சிருக்கு. அந்தச் சிவப்பு எச்சரிக்கையைத்தான் நீங்க கவனிக்கல."

"எடுத்தது யாரு?"

"ஐயாதான்."

அத்தான் சுவரைப் பார்த்தார்.

"அந்த ரூம்ல எதுவும் கேக்காது. பதிவையும் கேக்கலன்னீங்க. ஆனா எட்டாவது அத்தியாயத்துல எந்த இடத்துல குரல் உடைஞ்சதுன்னு தெரிஞ்சிருக்கு. காப்பி பண்ணினீங்களா ஐயா?"

அத்தான் தலையசைத்தார்.

"டாக்டர் என்கிட்ட மட்டும் சொல்லியிருந்தாரு, நாள் கொஞ்சம்தான்னு. அவ குரல் எனக்கும் ஒரு காப்பி வேணும்னு இவன்கிட்டக் கேட்டா, வேலை முடியட்டும் அத்தான்பான். கார்ல என் லேப்டாப் இருந்துச்சு. அங்க கொண்டுபோய்க் காப்பி பண்ணிட்டு வர்றதுக்குள்ள வாசிச்சே முடிச்சுட்டா. சத்தமில்லாம செருகிட்டேன். இன்னிக்குக் கடைசி மூணு இல்லன்னு போன்ல இவன் கத்தவும்... நான்தான் பிடுங்கிக் கெடுத்துட்டேன்னு நினைச்சேன் மாப்ளே. அவ கடைசியா செஞ்ச வேலையை."

ஸ்டூடியோக்காரர் நாற்காலியை இழுத்து அத்தானின் பின்னால் போட்டார். பன்னிரண்டாவது அத்தியாயத்தை ஓடவிட்டார்.

கப்பல் கரை சேர்ந்தது. தொப்பி மடியில் இருக்க, இன்ஸ்பெக்டர் கண்ணை மூடிக் கேட்டார். கதை முடிந்தும் பதிவு நிற்கவில்லை. காகிதம் புரளும் ஓசை, இருமல், பிறகு தனக்குத் தானே பேசிக்கொள்ளும் குரல்.

"இந்த மனுஷனை எங்க காணோம்? கார்லயே உக்காந்திருப்பாரு. கண்ணாடியை இறக்கிவிட்டாரோ இல்லியோ, இந்தப் புழுக்கத்துல..."

"இறக்கித்தான்மா வெச்சிருந்தேன்" என்றார் அத்தான், ஒலிபெருக்கியைப் பார்த்து.