திருத்தாத துடிப்பு

இரண்டு சத்தமும் சேர்ந்தே கேட்டது. அதுதான் நர்மதாவுக்கு முதலில் உறுத்தியது.

வடகரப்பதியில் மத்தியானம் மூன்று மணி. கணவாய்க் காற்று தென்னை மட்டைகளை ஓட்டின்மேல் உரசிக்கொண்டிருக்க, மாட்டுத்தீவனப் புளிப்பும் மருந்து நெடியும் கலந்து கிடந்த அந்த வீட்டில், நான்கு வருஷத்துக்கு முன் ஒரு செயற்கைக்கோள் பதிவுசெய்த எக்ஸ்ரே துடிப்புகளை அவள் லேப்டாப் டிக், டிக் என்று ஒலித்துக்கொண்டிருந்தது. அவற்றை அனுப்பியது அசுரக் காந்தம் கொண்ட ஒரு நட்சத்திரம்; ஒரு நொடிக்குள் ஒரு சுற்று சுற்றிவிடும். பக்கத்து அறையில், நெஞ்சில் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த அப்பா ரத்தினசாமியின் விரலில் மாட்டிய ஆக்சிமீட்டரும் டிக், டிக் என்றது. அம்மா மருந்து வாங்கக் கோயமுத்தூர் போயிருந்தாள். அப்பாவுக்குத் துணை இவள் மட்டும்தான்.

தற்செயல் என்று மனதைத் தேற்றிக்கொண்டு வேலையைப் பார்த்தாள். அப்போதுதான் தன் தப்பு தெரிந்தது. பூமி ஓடிக்கொண்டே இருப்பதால், செயற்கைக்கோள் பதிவுசெய்த நேரங்களைச் சூரியனை வைத்துத் திருத்தி எழுத வேண்டும். அரிச்சுவடிப் பாடம், மறந்துபோயிருந்தாள். திருத்தாவிட்டால் நட்சத்திரத் துடிப்பு திரையில் மழுங்கித்தான் தெரியும். இதுவோ ஊசிபோல நின்றது. பூமியிலிருந்தே வருகிற துடிப்புதான் அப்படி நிற்கும்.

திருத்தத்தைப் போட்டாள். திரையில் ஊசி உடைந்து பரவியது. ஸ்பீக்கரில் துடிப்பு இடறியது. பக்கத்து அறையிலும் இடறியது.

ஓடினாள். அப்பா போர்வையைப் பற்றிக்கொண்டு மூச்சுக்குத் திணறினார். உதடு நீலம் பாரித்திருந்தது.

"அம்மிணி, அதைய மாத்தாத சாமி," என்றார்.

அவள் வேலையைப் பற்றி அவர் ஒருநாளும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

திரும்பி வந்து திருத்தத்தை எடுத்துவிட்டாள். துடிப்பு சீரானது. இரண்டும். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். இருபது நிமிஷம் ஆகும் என்றார்கள். பதிவில் மிச்சம் இரண்டே நிமிஷம். அதற்குமேல் செயற்கைக்கோள் வேறு பக்கம் திரும்பிவிட்டது.

லேப்டாப்பைக் கட்டிலுக்குத் தூக்கி வந்தாள். தொட்டால் மறுபடி இடறிவிடுமோ என்று எதையும் தொடவில்லை. அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். சூடாக இருந்தது.

"பயமா இருக்குதுங்கப்பா."

அவர் லேப்டாப் பக்கம் தலையைத் திருப்பினார்.

ஒரு நிமிஷம். பத்து நொடி. ஐந்து.

டிக்.

நின்றது. ஆக்சிமீட்டரும்.

பதறிப்போய்ப் பதிவை ஆரம்பத்துக்கு இழுத்துவிட்டாள்.

டிக். டிக்.

விரலில் மாட்டிய கருவியில் நாடித்துடிப்பு எண் திரும்பி வந்தது. எழுபத்தெட்டு. சந்தோஷத்தில் அழுதேவிட்டாள். "அப்பா" என்று நிமிர்ந்தாள்.

கண் திறந்திருந்தது. இமைக்கவில்லை. நெஞ்சு ஏறவில்லை. கை சில்லிட்டுக்கொண்டே வந்தது.

வாசலில் அம்மாவின் ஸ்கூட்டர் வந்து நின்றது. நர்மதா லேப்டாப்பை நிறுத்தவில்லை. அவள் விரலுக்கடியில், அந்தச் சில்லிட்ட மணிக்கட்டில், நாடி மட்டும் நட்சத்திரத்தோடு சேர்ந்து பிசகாமல் துடித்துக்கொண்டிருந்தது.