நின்ற இடத்திலேயே கவிழும்!

கிர்ர்ர்ர்... கிர்ர்ர்ர்...

ஷோரூம் மேஜை மேல் போன் அலறியது.

சவடால் அதை எடுக்கவில்லை. வாயில் பாதி வியாபாரம் இருந்தது.

சவடால் என்பது ஊர் வைத்த பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அவனுக்கே மறந்து போயிற்று. டிராகா கம்பெனியின் ஏ.டி.வி. விற்கிறவன். ஏ.டி.வி. என்றால் பைக் மாதிரி ஹேண்டில், கொழுத்துப் போன நாலு சக்கரம், காடு மேடு சேறு சகதி எல்லாவற்றிலும் ஏறுகிற வண்டி. விலையும் அப்படித்தான்... ஏறும். இறங்காது.

எதிரே ஒரு புருஷன், பெண்டாட்டி.

"பெல்மோர் கம்பெனி வண்டி இதைவிட நல்லா இருக்குன்னு சொல்றாங்களே தம்பி..." புருஷன் மெல்ல இழுத்தார்.

சவடால் நெஞ்சில் கை வைத்தான். வீட்டில் சாவு விழுந்த முகம்!

"பெல்மோரா? அண்ணே... உங்களுக்குக் குழந்தைங்க இருக்கா?"

"இருக்கு. ஏன்?"

"அப்ப வேண்டாம்ணே. மத்த வண்டியெல்லாம் ஓட்டுறப்ப கவுறும். பெல்மோர் நிறுத்தி வச்சிருந்தாலே கவுந்துடும்! பிரேக் போட்டு, சாவிய ஆஃப் பண்ணி, சமதரையில நிப்பாட்டுங்க. ஒரு காத்து அடிச்சா போதும்... பொத்துனு சாய்ஞ்சுடும்!"

"ஐயையோ!" என்றாள் பெண்டாட்டி.

"நீங்க கண்ணால பாத்திருக்கீங்களா?" என்றார் புருஷன்.

"பாக்காமலா சொல்றேன்?"

பார்த்ததில்லை. எவனும் பார்த்ததில்லை. விற்கிறவன் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்வதென்றால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்!

கிர்ர்ர்ர்...

சலித்துக்கொண்டே எடுத்தான். "ஹலோ, டிராகா!"

"இன்ஸ்பெக்டர் பேசறேன்." பெண் குரல். அரம் வைத்துத் தேய்த்த குரல்.

"சொல்லுங்க மேடம்! ஸ்டேஷனுக்கு வண்டி வேணுமா?"

"மரத்தோட்டத்து முதலாளி செத்துட்டாரு. புதுசா வாங்கின பெல்மோர் வண்டி அவர் மேல கவுந்து கிடக்கு."

பொய் சொல்வானேன்... சவடாலுக்கு ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது! போன் வாயைக் கையால் பொத்திக்கொண்டு புருஷனிடம் கிசுகிசுத்தான்.

"பாத்தீங்களா? கவுந்துடுச்சு!"

"யார்கிட்டய்யா பேசறே?"

"யார்கிட்டயும் இல்ல மேடம்!"

"நேத்து அந்தத் தோட்டத்துல நின்னு கத்திட்டுப் போனது நீதானே?"

சந்தோஷம் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடிப் போனது.

"அது... மேடம்... வந்து..."

"வந்துதான் ஆகணும். உடனே வா!"

மரத்தோட்டத்து முதலாளி வருஷக்கணக்காக டிராகா மட்டுமே வாங்கியவர். நேற்று தோட்டத்துக்குள் ஒரு பச்சை பெல்மோர் வந்து இறங்கியது. இது ஒத்து வந்தால் தோட்டத்து வண்டி மொத்தத்தையும் பெல்மோராக மாற்றுவதாக உத்தேசம். கேள்விப்பட்டதும் சவடால் ஓடினான். கெஞ்சினான். காலில் விழாத குறை. முதலாளி அசையவில்லை.

அப்போதுதான் கத்தினான்.

"அதுல ஏறினீங்கன்னா பொணமாத்தான் இறங்குவீங்க!"

வேலையாட்கள் அத்தனை பேரும் கேட்டார்கள். நாக்குக்கு எலும்பில்லை. அதற்கான அடியை எலும்பு உள்ள இடங்கள்தான் வாங்க வேண்டும்!

சவடால் போய்ச் சேர்ந்தபோது தோட்டத்து முற்றத்தில் கூட்டம்.

வண்டி ஷெட்டுக்கு முன்னால் சிமென்ட் போட்ட முற்றம். கோலிக்குண்டை வைத்தால் உருளாது... அவ்வளவு சமதரை. நடுவில் பச்சை பெல்மோர் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. அதன் அடியில் தார்ப்பாய். தார்ப்பாய்க்கு வெளியே இரண்டு கால்கள்!

ஷெட்டு வாசலில் முதலாளியின் மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழுது தீர்ந்த கண்கள். பக்கத்தில் அவள் தம்பி. செத்தவருக்கு மச்சினன். தோட்டத்து மேனேஜரும் அவன்தான். தலையில் டிராகா தொப்பி. உடம்பில் டிராகா ஜாக்கெட். கையில் டிராகா முத்திரையைப் பச்சை குத்தியிருந்தான். டிராகா ஓட்டுவோர் கிளப்புக்குத் தலைவன். கட்டிக்கொள்ள வந்த பெண்ணின் அப்பா பெல்மோர் ஓட்டுகிறார் என்று சம்பந்தத்தையே வேண்டாம் என்றவன்!

சவடாலைக் கண்டதும் ஓடி வந்தான்.

"அண்ணே! நீ சொன்னது அப்படியே நடந்துடுச்சு பாத்தியா! தலை தலையா அடிச்சுக்கிட்டேன்... மாமா கேட்டாரா? கேக்கலையே!"

"வாயை மூடுடா!" அக்கா சீறினாள். "மனுஷன் செத்துக் கிடக்காரு. இப்ப போய் வண்டிக் கதை பேசறே!"

இன்ஸ்பெக்டர் வந்தாள். பல்லிடுக்கில் தீக்குச்சி. கூடவே தொப்பை ஏட்டு.

"சவடால் நீதானா?"

"ஆமா மேடம்."

"எத்தனை வருஷமா இந்தத் தொழில்?"

"மீசை முளைச்சதுலேர்ந்து மேடம்."

"அப்ப நீதான் எனக்கு விளக்கணும். இந்த பெல்மோர் எப்படிப்பட்ட வண்டி?"

"குப்பை மேடம்."

"கவுறுமா?"

"வேற வேலையே கிடையாது மேடம் அதுக்கு."

"ஓட்டும்போதா?"

"எதுக்கு ஓட்டணும்? நிறுத்தி வச்சாலே கவுந்துடும்!"

இன்ஸ்பெக்டர் தலையாட்டினாள். "ஏட்டு, ஒரு வார்த்தை விடாம எழுதிக்குங்க."

ஏட்டின் பேனா ஓடுவதைப் பார்த்து சவடால் முழித்தான். எலிப்பொறியில் தேங்காய்த் துண்டைக் கடித்த பிறகு கதவுச் சத்தம் கேட்ட எலி மாதிரி!

"இங்க வா. குனிஞ்சு பாரு. சாவி எப்படி இருக்கு?"

"ஆஃப்ல இருக்கு மேடம்."

"பார்க்கிங் பிரேக்?"

"போட்டிருக்கு."

"சமதரை. இஞ்சின் ஆஃப். பிரேக் போட்ட வண்டி. ஆளுக்குப் பின்மண்டையில அடி. அடிபட்ட இடத்துல ரத்தம் காஞ்சதுக்கு அப்புறம்தான் வண்டி மேல விழுந்திருக்குன்னு டாக்டர் சொல்லிட்டாரு." தீக்குச்சி ஒரு கடைவாயிலிருந்து மறு கடைவாய்க்குப் போனது. "எவனோ கொன்னுட்டு, வண்டிய மேல சாய்ச்சிருக்கான். சாவியப் போடணும்னுகூட அவனுக்குத் தோணல. ஏன்? நின்ன வண்டி தானா கவுந்துதுன்னா ஊரே நம்பிடும்னு நினைச்சிருக்கான்!"

"மேடம்..."

"ஊர் பூரா அப்படிச் சொல்லிட்டுத் திரியற ஆளு நீ ஒருத்தன்தான். நேத்து, பொணமாத்தான் இறங்குவீங்கன்னு மிரட்டினதும் நீ. இப்ப ஏட்டு எழுதினதும் உன் வாக்குமூலம். கையை நீட்டு!"

ஏட்டு விலங்கை எடுத்தார். கிளிங்!

சவடாலுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அப்பாவி என்று காட்ட ஒரே வழிதான் இருந்தது. அது தூக்குக் கயிற்றைவிடக் கசப்பான வழி!

சுற்றிலும் பார்த்தான். பாதிக் கூட்டம் அவனிடம் டிராகா வாங்கியவர்கள். மீதிப் பேர் வாங்கப் போகிறவர்கள். உண்மையைச் சொன்னால் பிழைப்பு போச்சு. சொல்லாவிட்டால் உயிர் போச்சு.

உயிர் ஜெயித்தது.

"மேடம்... அது... கவுறாது."

"என்னது?"

"பெல்மோர் கவுறாது மேடம்! நல்ல... நல்ல வண்டி!"

கடைவாய்ப் பல்லைப் பிடுங்கும்போதுகூட அவன் அப்படி முகம் கோணியதில்லை!

கூட்டத்தில் ஒரு பெரியவர் துண்டை உதறிக்கொண்டு முன்னால் வந்தார். "அடேய்! நிறுத்தி வச்சாலே சாயும்னு சொல்லித்தானேடா என் தலையில டிராகாவைக் கட்டினே?"

"பொய்தாண்ணே."

"என் மச்சான்கிட்ட?"

"அவருக்கும் அதே பொய்தாண்ணே."

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. "இத்தனை வருஷம் பொய் சொன்ன வாய். இது மட்டும் உண்மைன்னு நான் எப்படிய்யா நம்பறது?"

"நம்பவே வேணாம் மேடம். யோசிச்சுப் பாருங்க." சவடால் கையை நீட்டிக் காட்டினான். முற்றத்துக்குப் பின்னால் மண் சரிவு செங்குத்தாக இறங்கியது. "அந்தச் சரிவைப் பாருங்க. வண்டிய அங்க குறுக்கால ஏத்தினா பெல்மோரும் கவுறும். எங்க டிராகாவும் கவுறும்... நான் சொன்னேன்னு கம்பெனிக்குச் சொல்லிடாதீங்க. நான் கொன்னிருந்தா சாவியப் போட்டு, இஞ்சினை ஓட விட்டு, அங்கேர்ந்துதான் உருட்டியிருப்பேன். தொழில் தெரிஞ்சவன் எவனாவது இப்படிச் சிமென்ட் தரையில போடுவானா?"

தீக்குச்சி நின்றது!

"அப்படின்னா இதைப் பண்ணினவன்..."

"பண்ணினவன் பொய் சொன்னவன் இல்ல மேடம். அந்தப் பொய்யை நம்பினவன்!"

"உன்னை நம்பறவன் எத்தனை பேர்யா இருக்கான்?"

சவடால் யோசித்தான். முதல் தடவையாக மனசாரக் கணக்குப் பார்த்தான். வாங்க வருகிறவன் தலையாட்டுவான். அப்புறம் பக்கத்துக் கடையிலும் போய்க் கேட்பான். மெக்கானிக்கைக் கேட்பான். பெண்டாட்டியைக் கேட்பான். முழுதாக நம்பியவன் எவன்?

ஒருவன் இருந்தான். கிளப் கூட்டத்தில் மைக் பிடித்து அதையே வேதமாகச் சொல்லிக்கொண்டிருந்தவன்.

சவடாலின் கழுத்து தானாகத் திரும்பியது.

மச்சினன்!

அவன் முகத்தில் பயம் இல்லை. சாமி சிலைக்குள் களிமண் இருப்பதைக் கண்டவன் முகம்.

"அண்ணே... போலீசுக்குப் பயந்துதானே அப்படிச் சொல்றே?"

"இல்ல தம்பி."

"நிசமா கவுறாதா?"

"கவுறாது."

"பிரேக் போட்டு நிறுத்தினா?"

"குத்துக்கல்லு மாதிரி நிக்கும். யானை வந்து முட்டினாத்தான் சாயும்."

மச்சினன் வாய் பிளந்தான். மெல்ல, தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

"அதானா... வின்ச் கயிறு போட்டு இழுக்கும்போது அவ்வளவு கஷ்டமா இருந்துச்சு!"

கூட்டம் மொத்தமும் அவனைத் திரும்பிப் பார்த்தது!

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்னவென்று அவனுக்கே உறைத்தது.

"ஏட்டு!" இன்ஸ்பெக்டர் கண்ணை எடுக்காமல் சொன்னாள். "இவன் வண்டியப் பாருங்க."

ஏட்டு ஷெட்டுக்குள் ஓடினார். மச்சினனின் சிவப்பு டிராகா பளபளவென்று நின்றது. அதன் மூக்கில் வின்ச்... சேற்றில் சிக்கிய வண்டியை இழுக்கும் இரும்புக் கயிறும் கொக்கியும்.

"கொக்கியில பச்சை பெயின்ட் மேடம்! புதுசா உரசினது!"

மச்சினன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"கொல்லணும்னு நினைக்கலக்கா! சத்தியமா! காலையில மாமா அதுல ஒரு ரவுண்டு போயிட்டு வந்தாரு. இறங்கும்போதே சிரிச்சாரு. 'இது மெத்தைடா... உன் டிராகா கழுதைச் சவாரி'ன்னாரு. எல்லா வண்டியையும் மாத்தப் போறேன், மொதல்ல உன்னோடதுதான்னாரு. நான் கிளப் தலைவர்க்கா! பெல்மோர்ல போய் இறங்கினா எவன் என்னை மதிப்பான்? ஒரே ஒரு தள்ளுதான் தள்ளினேன்... ஷெட்டு வாசப்படியில மண்டை மோதிடுச்சு. பேசவே இல்ல... படியக் கழுவிட்டு, வண்டிக்குப் பக்கத்துல இழுத்துட்டுப் போய்ப் போட்டேன்..."

அக்கா எழுந்து வந்தாள். அவள் நடையில் அவசரம் இல்லை. தம்பி முன்னால் நின்றாள்.

"ஒரு வண்டிக்காகவாடா என் தாலி அறுத்தே?"

"வெறும் வண்டின்னு சொல்லாதேக்கா..." அவன் விம்மினான். "டிராகாக்கா!"

பளார்!

தொப்பி தெறித்து, சமதரையில் உருளாமல் கிடந்தது. அக்கா அதை மிதித்துக்கொண்டே தார்ப்பாய்க்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அதன் பிறகு தம்பி பக்கம் திரும்பவே இல்லை.

ஏட்டு விலங்கை மாட்டி மச்சினனை நடத்திக்கொண்டு போனார். சவடாலுக்கு நேராக வந்ததும் அவன் திமிறினான். கண் இரண்டும் நெருப்பு!

"உன்னை நம்பித்தானேடா சமதரையில போட்டேன்! சரிவு அந்தா கூப்பிடு தூரத்துல இருந்துச்சேடா! அங்க உருட்டியிருந்தா எவனுக்காவது தெரிஞ்சிருக்குமா? என்னை ஏமாத்திட்டியேடா, பாவி!"

"என்னய்யா இது?" ஏட்டு சவடாலைப் பார்த்தார். "உன் கஸ்டமர் புகார் சொல்றாரு. பதில் சொல்லு!"

சவடால் காலரைச் சரி செய்துகொண்டான். போன உயிரும் திரும்பியிருந்தது. போன நாக்கும் திரும்பியிருந்தது.

"வண்டிக்குத்தான் ஏட்டய்யா வாரண்டி... வாய்க்குக் கிடையாது!"